மஞ்சளாகிப் போன ஆலம்

சவ்வாது மலை ஓடையில் என் வேட்டியில் ரத்தம் வந்த கதையிலிருந்துதான் அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசி அது. நான் புளி வியாபாரத்தில் கால் ஊன்றிய சமயம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போளூர்ச் சந்தையில் மூட்டை தூக்கி, யாருடைய சிபாரிசும் இல்லாமல் மலையேறி, மரங்களைக் குத்தகை பேசி, கொட்டகை போட்டு, லாரியைக் கொண்டுபோய் நிறுத்தியவன். இன்றைக்கு எனக்குச் சொந்தமாக லாரிகளும் கிடங்கும் இருக்கின்றன என்றால் எல்லாம் இந்த நாக்கு சம்பாதித்தது. பேசுகிற நாக்கைச் சொல்லவில்லை, ருசி பார்க்கிற நாக்கை. ஒரு சுளைப் புளியை வாயில் போட்டால் அது பாறை மேட்டு மரமா, ஓடையோர மரமா, போன வருஷத்துச் சரக்கு கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். செங்கத்திலிருந்து திருப்பத்தூர் வரைக்கும் என்னை ஏமாற்றிய ஆள் கிடையாது. பயம் என்பதே எனக்குக் கிடையாது என்றும் அந்தக் காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்றைக்குக் காலையில் ஓடையில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் சாப்பிடும்போது சிந்திய குழம்பு, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. பார் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த இடம் சிவந்தது. கண்தான் ஏமாற்றுகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். நன்றாகவே சிவந்து, ஆட்டை அறுத்த துணி மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் துணி துவைத்தது எல்லாம் அம்மாவும் அக்காள் தங்கைகளும்தான். சோப்புக்கும் கறைக்கும் நடக்கிற சண்டையை நான் அதற்குமுன் கிட்டத்தில் பார்த்ததில்லை.

கூட வந்திருந்த லோடு ஆள் கரைக்கு ஏறிவிட்டான். "அண்ணே, இந்த ஓடையில யாரையோ வெட்டிப் போட்டாங்கன்னு மேலூர்ல பேசிகினு இருந்தாங்க. தண்ணியத் தொட்டதே தப்பு. வேட்டிய வுட்டுட்டு வந்துருண்ணே."

வேட்டி தண்ணீரில் என் காலைச் சுற்றிக்கொண்டது. உதறக்கூடக் கை வரவில்லை. மேலே பாதையில் மண்குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. கண் மட்டும் பெரிது. எங்கள் புளிக் கொட்டகையில் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"இன்னா தம்பி, மூஞ்சி வெளுத்துப்பூட்ச்சி?"

நான் வேட்டியைக் காட்டினேன். அவள் இறங்கி வந்து மடியிலிருந்து ஒரு துண்டு புளியை எடுத்து ஓடைத் தண்ணீரில் நனைத்து, சிவந்த இடத்தின்மேல் பிழிந்தாள். புளித் தண்ணீர் பட்ட இடத்தில் ரத்தம் பின்வாங்கிப் போனது. மறுபடியும் வெறும் மஞ்சள் கறை.

"மஞ்சளுக்கு சோப்பு காட்னா செவக்கும். சுண்ணாம்பு காட்னாலும், சாம்பத் தண்ணி காட்னாலும் அப்டித்தான். புளி காட்டு, அடங்கிடும். இதுக்குப் போயி யார்னா நடுங்குவாங்களா?"

கரையிலிருந்து லோடு ஆள் கேட்டான். "அப்ப ரத்தம் இல்லியாக்கா?"

"ரத்தமா இருந்தா புளியப் பாத்து ஓடுமா?" என்று சொல்லிவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பேய்க்குப் பயப்படாத பொம்பளை என்று நினைத்தேன். அது சரிதான். ஆனால் அவளைப் போல வாழ்நாளெல்லாம் ஒரே பயத்தைச் சுமந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. அவளுடைய பயம் எல்லாம் பாத்திரத்தின் மேல்.

அவள் வீட்டில் கொடுவாளும் கடப்பாரையும் தவிர வேறு உலோகம் கிடையாது. மண்சட்டியில் சமைப்பாள், கொட்டாங்கச்சி அகப்பையால் கிண்டுவாள், மரக்குடுவையிலோ இலையிலோ சாப்பிடுவாள். ஏழ்மை என்று சொல்ல முடியாது. அவள் புருஷன் தேன் எடுக்கிறவன், நல்ல உழைப்பாளி. பித்தளை வாங்கிப் போட அவனுக்கு ஆசை. "அது உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றாளாம். 

எங்கள் கொட்டகை வாசலில் ஒரு தட்டைக் கல் உண்டு. புளி உடைக்க வருகிற பெண்கள் மத்தியானச் சாப்பாட்டை அந்தக் கல்லின் மேல்தான் வைத்துவிட்டு உள்ளே போவார்கள். சீக்கிரமே அந்தப் பெண்களுக்கெல்லாம் இவள்தான் தலைவி மாதிரி ஆகிவிட்டாள். நான்தான் ஆக்கினேன், ஆளைப் பார்த்து வேலை கொடுப்பதில் எனக்கு நிகர் கிடையாது. ஆனால் இப்படி ஒரு வேலையை அவளாக எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தூக்குச்சட்டியின் மூடியையும் திறந்து முகர்ந்து பார்ப்பாள். மண் கலயம் என்றால் தொடமாட்டாள். பித்தளைத் தூக்கில் ரசமோ, புளிச்சோறோ, மாங்காய்க் குழம்போ இருந்தால் கேட்காமல் கொள்ளாமல் வேலியோரம் கொட்டிவிடுவாள்.

"ஏய், என் சோத்தக் கொட்ட நீ யாரு?" என்று ஒருத்தி ஒருநாள் முடியைப் பிடிக்கப் போனாள்.

"சோறு நல்ல சோறுதாண்டி. அது குடியிருந்த வூடு சரியில்ல" என்றாள் இவள். பிறகு தன் சட்டியிலிருந்த சாமைச் சோற்றைப் பாதி அள்ளி அவள் இலையில் வைத்தாள். திட்டிக்கொண்டே அவளும் சாப்பிட்டாள்.

விளக்குக்கும் குடத்துக்கும் புளி போட்டுத் துலக்குகிற பெண்களைப் பார்த்தால் நின்றுவிடுவாள். "எப்டி மின்னுது பாத்தியா. அழுக்கத் துன்ன வாயி, அழுக்கோட நிறுத்திக்குமா? அடியில கீறதையும்தான துன்னும். துன்னது எங்க போவும்? உன் வயித்துக்குத்தான்." சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும். யாரோ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது போல. பித்தளை விளிம்பில் படிந்த பச்சைக் களிம்பை நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுவந்து காட்டுவாள். கேட்கிறவளுக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது.

ஏன் இந்தப் பயம் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வாள். கனவில் வந்தது என்பாள் ஒருத்தியிடம். அவளுடைய அப்பன் சொல்லிச் செத்தான் என்பாள் இன்னொருத்தியிடம். என்னிடம், "என் நாக்குல தகரம் தெரியும் தம்பி, உனக்கு மரம் தெரியற மாதிரி" என்றாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஒரு பொங்கலுக்கு அவளுக்கு நல்ல கனமான பித்தளைப் பானை வாங்கிப்போய்க் கொடுத்தேன். நான் கொடுத்த பொருளை வேண்டாம் என்று சொன்னவர்கள் அந்த மலையில் யாரும் இல்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு விரலால் பிடித்து வாங்கிப்போய் மூலையில் வைத்து, சாமையைக் கொட்டி மூடினாள். "காஞ்சது கடிக்காது. ஈரமும் புளிப்பும்தான் கடிக்கும்."

இப்படிப்பட்டவளைத்தான் ஊர் ஆலம் கலக்கக் கூப்பிட்டது. மஞ்சளை அரைத்து, தண்ணீரில் கரைத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினால் சிவந்து வருமே, மணமக்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கண்ணேறு கழியச் சுற்றிக் கொட்டுகிற தண்ணீர், அது. மற்றவர்கள் கலக்கினால் ஒருநாள் செங்கல் நிறம், ஒருநாள் வெளிறிய நிறம். இவள் கலக்கினால் சேவல் கொண்டை மாதிரி நிற்கும். காரணம் எனக்குத் தெரியும். மற்றவர்கள் புளி போட்டு மினுக்கிய தட்டில் கலக்கினார்கள். இவள் மரத்தட்டில் கலக்கினாள். அவ்வளவுதான். ஆனால் ஊர் அதைக் கைராசி என்றது. ஆலம் சிவக்காவிட்டால் காரியம் விளங்காது என்று அங்கே ஒரு நம்பிக்கை. ஆகவே அவள் தட்டை எடுத்ததும் கூட்டம் அடங்கிவிடும். அவள் தட்டுக்குள் ஒரு தடவை பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். அந்தத் தலையாட்டல் வருகிறவரை மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எச்சில்கூட விழுங்கமாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய ஒரே தம்பியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாசி மாதம், புளி உலுக்கி முடிந்த நேரம். தம்பிக்காரன் கொஞ்சம் ஆடம்பரப் பேர்வழி. பெரிய கூட்டம் வரப்போகிறது என்று திருப்பத்தூரில் புதிய தொட்டி ஒன்று வாங்கினான். ஜிங்கு என்கிற துத்தநாகம் பூசிய தகரத் தொட்டி, இடுப்பு உயரம். அதன் மேலெல்லாம் வெள்ளி வெள்ளியாகப் பூப் பூத்திருக்குமே, அந்த மாதிரி. என் லாரியில்தான் வந்து இறங்கியது. ஊரே தட்டிப் பார்த்தது. அது வரைக்கும் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வீடு மண்பானையில் புளி ஊறவைத்துக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். இந்தத் தடவை அந்த வேலை இல்லை. முதல் நாள் சாயங்காலமே கல்யாணத்துக்கு நான் கொடுத்த புளி அத்தனையையும் அந்தத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டார்கள். மற்ற வேலைகளில் இருந்த அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும் என்று தெரியும்.

விடிந்ததும் அவள் என்னைத் தேடி வந்தாள். அவள் உதடு காய்ந்து கிடந்தது.

"தம்பி, நாக்கப் பத்தி அவ்ளோ பெருமை பேசுவியே. இப்ப அந்த நாக்கு வோணும். வா."

சமையல் பந்தலுக்குப் பின்னால் தொட்டி இருந்தது. மூடியை நகர்த்தினாள். புளித் தண்ணீரின் மேல் வெள்ளை நுரை. ஓரமெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தகரத்தில் ஒட்டிக்கொண்டு, பெரிதாகி, விட்டு மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. கீழே அடுப்பு இல்லை. தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் சில்லென்று இருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனால் நசநசவென்று ஒரு சத்தம், எறும்புப் புற்றைக் கலைத்தது போல. நெருப்பில்லாமல் அது கொதித்துக்கொண்டிருந்தது. 

அகப்பையில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள். வாயில் வைத்தேன்.

என் புளி அது. பாறை மேட்டு மரம். நாக்கை வைத்ததும் காது வரைக்கும் இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. புளிப்பு பாதி செத்துப்போயிருந்தது. அது இருந்த இடத்தில் வேறு ஒன்று, காசை நக்கியது மாதிரி, நாக்கைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. துப்பினேன். துப்பியும் போகவில்லை.

"புளி எங்க போச்சிக்கா?"

"தகரத்தத் துன்னுச்சி. துன்னுட்டு அதுவும் செத்துச்சி. இப்ப அதுல புளியும் இல்ல, தகரமும் இல்ல. மூணாவது ஒண்ணு கீது." தொட்டியின் உள்பக்கத்தைக் காட்டினாள். தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் அந்த வெள்ளிப் பூவெல்லாம் அழிந்து, சிலேட்டு நிறமாகக் கறுத்திருந்தது. "இத்த எல்லாரும் துன்னப் போறாங்க தம்பி. கொழந்தைங்க எல்லாம் துன்னப் போவுது."

பாதியை ஏற்கெனவே மொண்டுபோய்க் குழம்பு கூட்டியிருந்தார்கள். பந்தல் முழுக்க மணம். இரண்டு பேரும் தம்பிக்காரனிடம் போனோம். புது வேட்டி கட்டிக்கொண்டு ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தான்.

"கொழம்பக் கொட்டிடுடா" என்றாள்.

"கொட்டிட்டு? சம்மந்தி வூட்டுக்காரங்களுக்கு சுடுதண்ணி ஊத்தவா?"

"மோர் கீது, கீரை கீது. புளி வோணாம். தகரத்துல ஊறிப்போச்சி."

"அக்கா, உனக்குத் தகரம்னா பேய், பித்தளைன்னா பிசாசு. என் பொண்ணு கல்யாணத்துலயும் ஆரம்பிச்சிட்டியா? போயி ஆலத்தக் கலக்குற வேலையப் பாரு."

நான் குறுக்கே போனேன். "அண்ணே, நான் ருசி பார்த்தேன். அது சரியில்ல. என் பேச்ச நம்புங்க."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "புளி யாருது?"

"என்னுதுதான்."

"அப்ப சரியில்லன்னா யாரு மேல கொறை?"

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கிட்டே வந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நூற்றுக்கணக்கில் ஜனங்கள் உட்கார்ந்து சாப்பிட்டு ஒருவர் பின் ஒருவராக விழுந்தால், தொட்டியை யாரும் பார்க்கமாட்டார்கள். அடிவாரத்திலிருந்து வந்தவன் கொடுத்த புளி என்பார்கள். கீழே இறங்க ஒரே ஒரு பாதை. என் லாரி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தது.  பந்தலுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். நான் வாயில் வைத்துத் துப்பியது அரை அகப்பைகூட இல்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். அக்கா தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தாள். கையைத் தொட்டிக்குள் விட்டு, ஊறிய புளியில் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கைக்குள் வைத்து மூடினாள். முந்தானையால் கையைப் போர்த்திக்கொண்டாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். 

வாசலில் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில். மரத்தட்டில் ஆலம், சேவல் கொண்டைச் சிவப்பு. அவள் தட்டை இடது கையில் ஏந்தி, வலது கையை அதன் மேல் கவிழ்த்தபடி நின்றாள். எல்லாரும் அவள் தலையாட்டலுக்குக் காத்திருந்தார்கள். அவள் விரல்களுக்கிடையில் ஏதோ சொட்டியது. கட்டைவிரலால் ஒரு சுற்றுக் கலக்கினாள்.

நடுவிலிருந்து மஞ்சள் பூத்தது. பூத்து, ஓரம் வரைக்கும் பரவி, தட்டு முழுக்க வெறும் மஞ்சள் தண்ணீர். சிவப்பு இருந்ததற்கு அடையாளமே இல்லை.

மேளம் அடித்தவன் நிறுத்திவிட்டான். ஒரு குழந்தை அழுதது, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். பெண்ணின் கை மாப்பிள்ளையின் கையிலிருந்து நழுவுவதை நான் பார்த்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா, வெள்ளை மீசை வைத்தவர், ஒரு அடி முன்னால் வந்தார்.

"இன்னா இது?"

அந்த நிமிஷம் அவள் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்கும். வந்தவர்கள் அப்படியே திரும்பியிருப்பார்கள். அவள் தம்பி மகள் அந்த மலையில் இன்னொரு தாலியைப் பார்த்திருக்கமாட்டாள். அவளுக்கும் அது தெரியும். 

"பொண்ணு மேல இல்ல. புள்ள மேலயும் இல்ல" என்றாள். "சமையல்ல தோஷம் கீது. கொழம்ப ஒரு சொட்டு இல்லாம கொட்டுங்க. தொட்டியில கீறதையும் கொட்டுங்க. கொட்டினா கழிஞ்சிடும்."

"தோஷம் எப்டி வந்துச்சி? யாரால வந்துச்சி?"

 அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஆலம் கலந்தவளாலதான். என் கைதான் கெட்டுப்போச்சி. வேற ஒருத்தியக் கலக்கச் சொல்லுங்க."

காலையில் அவள் கெஞ்சியபோது ஒரு ஆள் அசையவில்லை. இப்போது தம்பிக்காரனே முதலில் ஓடினான். அண்டா அண்டாவாகக் குழம்பு சரிவில் ஓடியது. தொட்டியைக் கவிழ்த்தார்கள். கவிழ்த்தவர்களில் ஒருவன்கூட அதன் உள்பக்கத்தைப் பார்க்கவில்லை. வேறு ஒரு சுமங்கலி, அவசரத்தில் இலைத் தொன்னையில் ஆலம் கலக்கினாள், சிவந்தது. கல்யாணம் நடந்தது. சாமைச் சோறும் கீரையும் மோரும். நல்ல பசி, எல்லாரும் சாப்பிட்டார்கள். குழம்பை ருசி பார்த்திருந்த சமையல்காரன் மட்டும் மத்தியானம் வரைக்கும் மரத்தடியில் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பார்த்தவர்கள், "தோஷம் எப்டிப் புடிச்சிருக்கு பாரு" என்றார்கள்.

அந்தத் தொட்டியைத் தம்பிக்காரன் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடப் பார்த்தான். ஒருநாள் காலையில் பார்த்தால் அடியில் கடப்பாரைக் குத்து. யார் வேலை என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவளை யாரும் ஆலத்துக்குக் கூப்பிடவில்லை. எங்கள் கொட்டகைக்கு மட்டும் வந்தாள். தூக்குகளைத் திறந்து பார்ப்பதை விடவில்லை. இப்போது அவள் கொட்டினால் யாரும் சண்டைக்கு வரவில்லை, பயந்து ஒதுங்கினார்கள். எனக்கு அதைப் பார்க்கவே ஒருமாதிரி இருந்தது.

ஒருநாள் எல்லாரும் போன பிறகு கேட்டேன். "உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானேக்கா? மஞ்சள்ல புளி பட்டுதுன்னு."

"உண்மையத்தான மொதல்ல சொன்னேன். யாரு கேட்டா?" புளியங்கொட்டைகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டே சொன்னாள். "குடகுல காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தோம், கல்யாணம் ஆன புதுசு. கூலி ஆளுங்களுக்கு ரசம் வெச்சி தகர டிரம்ல ஊத்தி வெப்பாங்க. ஒருநாள் குடிச்சவங்க எல்லாம் வரிசையா விழுந்தாங்க. நாலு மாசம் நானு. வயித்துல தங்கல. தோட்டத்துக்காரன் காலரான்னு சொல்லிட்டான். எனக்கு வாயில அந்த ருசி இன்னும் கீது தம்பி. காரணம் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றேன்னு நீ சிரிப்பியே. இத்த யார்கிட்ட சொல்றது?"

அதற்குப் பிறகு அவளைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

தம்பி மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. முதல் முறையாகத் தாய்வீட்டு வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். எனக்கு அழைப்பு உண்டு, அந்த மலையில் எந்த நல்ல காரியத்துக்கும் எனக்கு அழைப்பு உண்டு. அக்காவுக்கு இல்லை. அவள் வேலிக்கு வெளியே, பலா மரத்துக்குப் பக்கத்தில், தற்செயலாக வந்தவள் மாதிரி நின்றிருந்தாள்.

குழந்தைக்கு என்று பளபளவென்று துலக்கிய பித்தளைத் தட்டு. ஒரு கிழவி மஞ்சளைக் கரைத்து, கொஞ்சம் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினாள். சிவக்கவில்லை. இன்னும் கலக்கினாள். மஞ்சளாகவே இருந்தது.

பேச்சு ஓய்ந்தது. குழந்தையின் அம்மா குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு தலையாக வேலிப் பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். அக்கா அங்கே நின்றிருந்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் அன்றைக்குத் தொட்டி ஓரத்தில் பார்த்த அதே பயம்.

ஒருவன் வேலி ஓரத்தில் கிடந்த கம்பை எடுத்தான். கல்லைத் தேடிக் குனிந்தவனும் உண்டு.

நான் பாய்ந்தேன். தட்டைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனேன். புளி வாசனை. துலக்கியவள் சரியாக அலசவில்லை. வெற்றிலைக்கு வைத்திருக்கிற சுண்ணாம்பு டப்பாவை இடுப்பிலிருந்து எடுத்து மொத்தத்தையும் வழித்துப் போட்டு விரலால் கலக்கினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. சிவப்பு வந்தது. ஆம்பளை ஆலம் கலக்குகிறானே என்று யாரும் சிரிக்கவில்லை.

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்று தட்டைத் தூக்கிக் காட்டினேன். "தட்டுல புளி இருந்துச்சி. சுண்ணாம்பு பத்தல. வேற ஒண்ணும் இல்ல."

யாரும் தட்டைப் பார்க்கவில்லை. பலா மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே யாரும் இல்லை. நான் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் நகர்ந்து போயிருந்தாள்.

"பாத்தியா?" என்றாள் கிழவி. "அவ அந்தாண்ட போனா. இந்தாண்ட செவந்துடுச்சி."

எல்லாரும் தலையாட்டினார்கள். மஞ்சளைப் பற்றியும் சுண்ணாம்பைப் பற்றியும் நான் தொண்டை கட்டப் பேசினேன். என் பேச்சுக்கு மயங்காத ஆள் கிடையாது என்று சொல்வார்கள். கம்பை வைத்திருந்தவன், "யாவாரி நல்லாப் பேசுவாரு" என்று மட்டும் சொல்லி அதைக் கீழே போட்டான்.

பாதையில் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். திரும்பாமலே கேட்டாள்.

"செவந்துச்சா தம்பி?"

"செவந்துச்சிக்கா."

"நான் போனதால செவந்துச்சின்னு சொன்னாங்களா?"

ஆலம் ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"சொல்லிகினு போகட்டும், வுட்டுடு. எம்மேல பயந்தா கொழந்தயப் பாத்து பயப்பட மாட்டாங்க இல்ல?" கொஞ்ச தூரம் போய் நின்றாள். "அந்தத் தட்டுல புளிச்சோறு வெச்சித் துன்னாம பாத்துக்கோ."

மறு வருஷம் புளி உடைக்க அவள் வரவில்லை. புருஷனும் பொண்டாட்டியும் குடகுப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தத் தோட்டத்துக்கா, வேறு தோட்டத்துக்கா, யாருக்கும் தெரியவில்லை. வேலை ஆரம்பித்த முதல் நாள் பெண்கள் வந்து, கொட்டகை வாசல் கல்லின் மேல் தூக்குகளை வரிசையாக வைத்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போனார்கள். திறந்து பார்க்க ஆள் இல்லை. நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கல்லின் முன்னால் குந்தினேன். முதல் தூக்கின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பிறகு அடுத்தது.